அந்த இரண்டு நாக்காக்கள்

போன மாதம் எங்கள் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம். ஏதோ இரண்டு பக்கத்து நாடுகளின் வணிக ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமலே போகலாம் என்று ஒருவன் செய்தி போட, இன்னொருவன் உடனே எழுதினான்: "தேதி முடிஞ்சா முடிஞ்சதுதான்டா. யாரும் யாரோடதையும் பிடுங்கிக்கலையே. இதுல தப்பு யார் மேல?" நாலு பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள். நான் பதில் எழுத ஆரம்பித்து, அழித்து, மறுபடி எழுதி அழித்து, கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவனோடு சண்டை போட எனக்கு யோக்கியதை இல்லை. ஏறக்குறைய இதே வாக்கியத்தை, இதே அலட்சியத்தோடு, 2013இல் நேபாள எல்லை ஊரான பிர்கஞ்சில் ஒரு பெரியவருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே நான் சொல்லியிருக்கிறேன்.

அப்போது கொல்கத்தாவில் ஒரு க்ளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. எங்களுக்கு வந்ததில் பாதி நேபாளச் சரக்கு. நேபாளத்துக்குக் கடல் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும்; அந்த ஒரு வரி நடைமுறையில் எவ்வளவு காகிதமாக மாறுகிறது என்பது அந்த வேலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். வெளிநாட்டிலிருந்து நேபாளத்துக்கு வரும் கன்டெய்னர் அப்போது கொல்கத்தாவிலோ ஹால்தியாவிலோ இறங்கும். அது இந்தியாவுக்கான சரக்கு இல்லை, எனவே இந்தியக் கஸ்டம்ஸ் வரி போடாது. ஆனால் வழியில் எங்காவது திறந்து இங்கேயே விற்றுவிட்டால்? அதற்காக அந்த நாட்களில் சி.டி.டி என்று ஒரு ட்ரான்ஸிட் படிவம், அதாவது நாட்டைக் கடந்து மட்டும் போகும் சரக்குக்கான படிவம், வரித் தொகைக்கு ஈடாக இன்ஷூரன்ஸோ பாண்டோ, கன்டெய்னர் கதவில் ஒருமுறை போட்டால் உடைத்தே எடுக்க வேண்டிய பூட்டு. இதெல்லாம் முடித்து சுமார் 700 கிலோமீட்டர் பயணம், பீகாரின் ரக்ஸால் வரை. அங்கே பூட்டின் எண்ணையும் படிவத்தில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் விடுவார்கள். இந்த மொத்த ஏற்பாடும் நிற்பது இரு நாடுகளின் ட்ரான்ஸிட் ஒப்பந்தத்தின் மேல். அந்தக் காகிதம் இல்லையென்றால், நேபாளி ஒருவன் காசு கொடுத்து வாங்கிய சரக்கு கொல்கத்தா துறைமுகத்தில் வெறும் அந்நியப் பொருள்.

நான் ஒரு பூட்டு எண்ணைத் தப்பாக டைப் அடித்திருந்தேன். ஒரே ஒரு இலக்கம். கன்டெய்னர் ரக்ஸாலில் நின்றது, வாடகை நாள் கணக்கில் ஏறியது, முதலாளி என்னையே நேரில் போய்ச் சரிசெய்துவிட்டு வா என்று ரயிலேற்றிவிட்டார். அந்தச் சரக்கின் சொந்தக்காரர்தான் நான் சொல்லும் பெரியவர். எழுபதை நெருங்கிய வயது. நேபாளியில் அண்ணனைக் கூப்பிடும் சொல் நம் காதுக்கு அப்படியே 'தாய்' என்றுதான் விழும். தம்பியைக் கூப்பிடுவது 'பாய்'. மீசை வைத்த மனிதரைத் தாயே என்று கூப்பிட முதல் நாள் எனக்கு வாய் வரவில்லை, மறுநாள் பழகிவிட்டது. என் தப்பால் அவருக்கு நல்ல நஷ்டம். ஆனால் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. மூன்று நாளும் அவர் கடையிலேயே உட்கார வைத்து டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தார். பேச்சு இந்தியில்.

மூன்றாவது நாள் மின்சாரம் போயிருந்தது. கடையின் பின்பக்கம் கிடங்கில் வரிசையாக நாலைந்து பழைய மண்ணெண்ணெய் டின்கள், ஒன்றுக்குள் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தன. கேஸ் அடுப்பு இருக்கும்போது இது எதற்கு என்று சும்மாதான் கேட்டேன். "நாக்காபந்தி காலத்தது" என்றார். நாக்கா என்றால் எல்லைச் சாவடி, நாக்காபந்தி என்றால் அதை அடைத்துவிடுவது. எந்த நாக்காபந்தி என்றேன். "உங்க நாக்காபந்திதான், பாய். 1989."

எனக்குச் சுருக்கென்றது. ஆபீஸில் என் சீனியர் ஒருவர் இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார், அவர் வாயால் கேட்டதுதான் என் அறிவு. அதை அப்படியே திருப்பிச் சொன்னேன்: "அது நாக்காபந்தி இல்லை தாய். ஒப்பந்தம் காலாவதி ஆயிடுச்சு. புதுசா கையெழுத்து போடற விஷயத்துல ரெண்டு பேருக்கும் ஒத்து வரல. அதுக்கு யார் என்ன செய்ய முடியும்?"

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டாங்கா வண்டி ரக்ஸால் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் கேட்டார்: "அப்போ மொத்தம் எத்தனை ட்ரான்ஸிட் வழி இருந்தது, தெரியுமா?"

தெரியாது.

"பதினஞ்சு. அதுல எத்தனை மூடினாங்க?"

எல்லாம்தானே என்றேன்.

"பதிமூணு. பிர்கஞ்சையும் விராட்நகரையும் விட்டு வெச்சாங்க." டம்ளரைக் கீழே வைத்தார். "தேதி முடிஞ்சதாலதான் மூடினதுன்னா பதினஞ்சும் மூடியிருக்கணும் இல்லையா. இல்ல, பதினஞ்சும் திறந்திருக்கணும். அந்த ரெண்டைத் தேர்ந்தெடுத்தது யாரு, பாய்? காலாவதியா?"

எனக்கு வாயே எழவில்லை. இன்றுவரை அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதைவிட, அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லையே என்பதுதான் உறுத்துகிறது. எண்ணிப் பார்த்திருந்தால் போதும். சிறுபிள்ளைக் கணக்கு.

அவர் பிர்கஞ்சுக்காரரே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. சொந்த ஊர் பைரஹவா. எதிரே இந்தியப் பக்கம் சுனௌலி. அந்த நாக்கா மூடின பட்டியலில் வந்தது. அப்பா காலத்துக் கடை. நாலு மாதம் பார்த்தார்களாம், இன்றைக்குத் திறக்கும் நாளைக்குத் திறக்கும் என்று. சரக்கெல்லாம் பிர்கஞ்சு வழியாகத்தான் வரும் என்று ஆனபின் தம்பியை அங்கே விட்டுவிட்டு இவர் மட்டும் இங்கே ஒரு அறை எடுத்துத் தங்கினார். நாக்கா திறந்த பிறகு திரும்பிப் போகலாம் என்று இருந்தவர், இங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம், வாடிக்கை, கடன் என்று வேர் பிடித்து இங்கேயே நின்றுவிட்டார். டெல்லியில் யாரோ ஒரு ஃபைலில் எந்த இரண்டு என்று குறித்ததில் இவர் எந்த ஊர்க்காரர் என்பது முடிவாகிவிட்டது. அவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

காகிதத்தில் நடந்தது

கொல்கத்தா திரும்பிய பிறகு நான் இதைத் தேடித் தேடிப் படித்தேன். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. 1978இல் வணிகத்துக்கு ஒன்று, ட்ரான்ஸிட்டுக்கு ஒன்று என்று இரண்டு தனி ஒப்பந்தங்கள் போட்டார்கள். வணிக ஒப்பந்தம் 1988லேயே முடிந்து நீட்டிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. 1989 மார்ச் 23ஆம் தேதியோடு இரண்டும் முடிந்தன. இந்தியா இரண்டையும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகப் போடலாம் என்றது, நேபாளம் தனித்தனியாகத்தான் வேண்டும் என்றது. வெளியில் சொல்லப்பட்ட சண்டை இதுதான்.

இது வெறும் வடிவச் சண்டை என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்தால் இல்லை. வணிகம் என்பது கொடுக்கல் வாங்கல், இந்த வருஷம் ஒரு சலுகை கூடும், அடுத்த வருஷம் குறையும், பேரம் பேசலாம். கடலுக்குப் போகும் வழி அப்படிப்பட்டது இல்லை. கடலில்லாத நாட்டுக்கு அது மூச்சு. இரண்டையும் ஒரே காகிதத்தில் கட்டினால், சணல் மேல் போடும் வரியில் வரும் தகராறுக்காகக் கடல் வழியை அடைக்கலாம் என்று ஆகிவிடும். நேபாளம் பிடிவாதம் பிடித்தது அதற்காகத்தான். இந்தியாவின் உள் எரிச்சல் வேறு இடத்தில் இருந்தது: 1988இல் நேபாளம் சீனாவிடம் ஆயுதம் வாங்கியிருந்தது, அங்கே வேலை பார்க்கும் இந்தியர்களுக்குப் பணி அனுமதிச்சீட்டு கேட்க ஆரம்பித்திருந்தது. இதில் எதுவும் ஒப்பந்தத்தின் ஷரத்தில் வராது. ஆனால் தேதி முடியும்போது கையில் கிடைத்தது ஒப்பந்தம்தான்.

அந்த இரண்டு நாக்காக்களின் ரகசியமும் அங்கேதான் இருந்தது. கடலில்லாத நாட்டுக்கு வழி விட வேண்டும் என்று சர்வதேசச் சட்டம் சொல்கிறது, எத்தனை வழி என்று சொல்லவில்லை. இரண்டைத் திறந்து வைத்தால் நாங்கள் சட்டத்தை மீறவில்லை என்று சொல்லலாம். அதாவது காலாவதி என்று சொன்னவர்கள் வக்கீலைக் கேட்டுக்கொண்டு எண்ணித்தான் மூடியிருக்கிறார்கள்.

இன்னொன்று. மூடியது ஏறக்குறைய 15 மாதம். நடுவில் டெல்லியில் ராஜீவ் காந்தி ஆட்சி போய் வி.பி.சிங் வந்தார். காத்மாண்டுவில் 1990 பிப்ரவரியில் மக்கள் போராட்டம் வெடித்து, ஏப்ரலில் மன்னர் பிரேந்திரா கட்சிகள் மீதான தடையை நீக்கினார், கிருஷ்ண பிரசாத் பட்டராய் பிரதமரானார். அவர் ஜூனில் டெல்லி போனார். ஜூன் 10 அன்று ஒரு கூட்டறிக்கை: 1987 ஏப்ரல் 1 அன்று எப்படி இருந்ததோ அந்த நிலைக்குத் திரும்புகிறோம். ஜூலையிலிருந்து நாக்காக்கள் திறந்தன. புதிய ஒப்பந்தங்கள் எப்போது கையெழுத்தாயின என்று பார்த்தால், 1991 டிசம்பர்! நடுவில் ஒன்றரை வருஷம் ஓர் அறிக்கையை வைத்துக்கொண்டே லாரிகள் ஓடியிருக்கின்றன. இதைப் படித்த அன்று எழுந்து போய் என் சீனியரிடம் காட்ட வேண்டும் போல இருந்தது. காட்டவில்லை. அவர் ரிட்டையர் ஆகியிருந்தார்.

காலாவதி என்ற சொல்லைப் பற்றியும் அப்போதுதான் யோசித்தேன். மாத்திரை அட்டையில் போட்டிருப்பார்களே, அந்தச் சொல். மாத்திரை தானாகக் கெடும், யாரும் கெடுக்க வேண்டாம். ஒப்பந்தம் அப்படியா? கொல்கத்தாவில் நான் இருந்த வாடகை அறைக்கு வழக்கம்போல 11 மாத அக்ரிமெண்ட். 12ஆவது மாதம் முடிந்து, 20ஆவது மாதமும் போனது, எனக்கும் நினைவில்லை, வீட்டுக்காரருக்கும் நினைவில்லை. அவருக்கு அறை தேவைப்பட்ட அன்றுதான் அக்ரிமெண்ட் காலாவதி ஆனது. நேபாள ட்ரான்ஸிட் ஒப்பந்தத்துக்கும் இப்படி ஒரு அமைதியான காலாவதி உண்டு: 2020 தொடக்கத்தில் அதன் காலம் முடிந்தது, நீட்டிப்பில் ஓடி, 2023 ஜூன் 1 அன்றுதான் புதுப்பிக்கப்பட்டது. அந்த மூன்று வருஷமும் அதற்காக ஒரு கன்டெய்னரும் நிற்கவில்லை, இங்கே பத்திரிகைகளும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அப்போது யாருக்கும் அறை தேவைப்படவில்லை.

சரி, இந்தியா மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போவதும் நியாயமில்லை. பெரியவரே அதற்கு விடவில்லை. அரண்மனைக்குத் தேதி தெரியாதா என்று கேட்டார். இந்தியா அவ்வளவு தூரம் போகாது என்று நினைத்துக்கொண்டு நாளைக் கடத்தினார்கள், மூடியபின் அதையே தேசபக்தியாக்கி ரேடியோவில் பேசினார்கள், க்யூவில் நின்றது அரண்மனை இல்லை என்றார். கடைசியில் அந்த க்யூவில் இருந்த கோபம் அரண்மனை மேலேயே திரும்பியது வேறு கதை. நாக்காபந்திதான் நேபாளத்துக்கு ஜனநாயகம் கொண்டுவந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவரிடம் கேட்டேன். "சொல்றாங்க. எனக்கு க்யூதான் ஞாபகம் இருக்கு."

மண்ணெண்ணெய்

அந்த க்யூ பெரும்பாலும் மண்ணெண்ணெய்க்குத்தான். நேபாளத்துக்கு எரிபொருள் முழுக்க இந்தியா வழியாகத்தான் வரும். அது நின்றதும் காத்மாண்டுவில் அடுப்பு எரிக்க விறகு, விறகுக்கு மலைக்காடு. ஒரு வருஷத்தில் அந்த மலைச்சரிவுகளில் விழுந்த மரங்களைப் பற்றி அந்தக் காலத்துச் செய்திகள் எல்லாமே பேசுகின்றன. மரம் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து போடவில்லை. ஏற்றுமதிக்குக் கிடைத்துவந்த வரிச்சலுகை போனது, நேபாளச் சரக்கும் எங்கோ தூர தேசத்துச் சரக்கைப் போல முழு வரி கட்ட வேண்டியிருந்தது. அதே சமயம் மனிதர்கள் போகவர எல்லை திறந்தேதான் இருந்தது, இதுதான் இந்தக் கதையின் விசித்திரம். பெரியவர் சைக்கிளில் சுனௌலி தாண்டி நௌதன்வா போய் அஞ்சு லிட்டர் டின்னில் மண்ணெண்ணெய் வாங்கி, மேலே கோணி போட்டுக் கொண்டுவருவாராம். லாரியில் போனால் வணிகம், சைக்கிளில் போனால் கடத்தல். இரண்டு பக்கத்து போலீசுக்கும் கொடுத்தது போக மிச்சம் வீட்டுக்கு. கிடங்கில் நான் பார்த்த டின்கள் அவைதான்.

இதை யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "ஒரு லிட்டர் எவ்வளவு போனது?" என்றுதான். 1990களின் பொருளாதாரத் தடையில் வளர்ந்தவர், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் சொட்டு மண்ணெண்ணெயும் விட்டு, அந்தக் குப்பி விளக்கில் பரீட்சைக்குப் படித்தவர். அவருக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "எண்பத்தேழில் எங்களுக்குச் சாப்பாடு போட்ட ஆக்கள்தானே இவை." 1987 ஜூன் 4. யாழ்ப்பாணத்தின் மேல் ஏ.என்.32 விமானங்கள், கூடவே பாதுகாப்புக்கு மிராஜ் போர் விமானங்கள், கீழே பாரசூட்டில் உணவு மூட்டைகள். ஆபரேஷன் பூமாலை. பக்கத்து நாட்டில் மக்களைப் பட்டினி போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று சொன்ன டெல்லி. இரண்டு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை, அதே பிரதமர், வடக்கே இன்னொரு பக்கத்து நாடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு யாழ்ப்பாணத்தார் தேவைப்பட்டிருக்கிறார்.

2015

நான் அந்த வேலையை விட்டு ஊருக்கு வந்தபின் 2015 வந்தது. ஏப்ரலில் நிலநடுக்கம். செப்டம்பர் 20 அன்று நேபாளத்தின் புது அரசியல் சாசனம். அதில் தங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று இந்திய எல்லையை ஒட்டிய சமவெளியான தராய் பகுதியின் மாதேசி மக்கள் போராடினார்கள், பிர்கஞ்சுக்கும் ரக்ஸாலுக்கும் நடுவிலுள்ள மிதேரி பாலத்தில் உட்கார்ந்தார்கள். சாசனம் டெல்லிக்கும் பிடிக்கவில்லை. லாரிகள் நின்றன, டேங்கர்கள் வரவில்லை. நாங்கள் தடுக்கவில்லை, அந்தப் பக்கம் போராட்டம் நடக்கிறது, டிரைவர்கள் பயப்படுகிறார்கள் என்றது இந்தியா. மறு வருஷம் பிப்ரவரி வரை நாலரை மாதம்.

நவம்பரில் அவருக்கு போன் செய்தேன். குசலம் விசாரித்து முடிந்ததும் முதல் கேள்வியே அவருடையதுதான்: "இந்தத் தடவை எது காலாவதி, பாய்?"

எதுவும் இல்லை. ட்ரான்ஸிட் ஒப்பந்தம், வணிக ஒப்பந்தம் இரண்டும் உயிரோடு இருந்தன. முத்திரை, கையெழுத்து, ஷரத்து எல்லாம் சரியாக இருந்தன. நான் இரண்டு வருஷமாக மனசுக்குள் கட்டி வைத்திருந்த வாதம், ஒப்பந்தத்தைச் சாகவிட்டால் இதெல்லாம் நடக்கும் என்ற வாதம், அந்த ஒரு கேள்வியில் பாதி சரிந்தது. காகிதம் இருந்தாலும் இதேதான் நடக்கிறது என்றால் காகிதம் எதற்கு? அவரிடமே கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, முன்னாலாவது எதில் கையெழுத்து போட்டால் திறக்கும் என்று தெரிந்தது, இப்போது எங்கே கையெழுத்து போடுவது என்றே தெரியவில்லை என்றார். அப்புறம் சிரித்தார். இந்த முறை பிர்கஞ்சு நாக்காதான் முழுசாக அடைபட்டுக் கிடந்தது. பைரஹவா பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக லாரி போய்க்கொண்டிருந்தது. தம்பி பையன் அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் கேஸ் சிலிண்டர் கட்டி அனுப்புகிறான் என்றார். "நான் அங்கேயே இருந்திருக்கலாம்."

அதன் பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். 2016 மார்ச்சில் நேபாளப் பிரதமர் கே.பி.சர்மா ஒலி பெய்ஜிங் போய் சீனாவோடு ட்ரான்ஸிட் ஒப்பந்தம் போட்டார். சீனாவின் தியென்ஜின் துறைமுகம் 3,000 கிலோமீட்டருக்கும் மேல், நடுவில் இமயமலை. அந்த வழியாக மூட்டை வரப்போகிறது என்று நம்பி யாரும் கையெழுத்து போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. 700 கிலோமீட்டரில் கொல்கத்தா இருக்கும்போது ஒரு நாடு அந்தத் தூரத்தை யோசிக்கிறது என்றால், அதை யோசிக்க வைத்தவர்கள் கொஞ்சம் கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக அவரோடு பேசியது 2019இல். பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் டீசல் குழாய் அந்த செப்டம்பரில் திறந்திருந்தார்கள். இனி டேங்கர் வரிசையும் இல்லை, பாலத்தில் யார் உட்கார்ந்தாலும் கவலையும் இல்லை, டின்களைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாம் என்று நான் உற்சாகமாகச் சொன்னேன். ஆமாம் ஆமாம், நல்ல வேலை செய்திருக்கிறார்கள் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

"குழாய்ல ஒரு வால்வு இருக்கும் இல்லையா. அது எந்தப் பக்கம் இருக்கு, பாய்?"

மோதிஹாரியிலிருந்துதானே தள்ளுகிறார்கள், அங்கேதான் இருக்கும் என்றேன். அப்படியா என்றார். பிறகு பேத்தியின் கல்யாணத்துக்குத் தேதி பார்த்திருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.